கோடியக்கரைச் சாலையில் கிலோமீட்டருக்கு இரண்டு நிமிடம்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சில நாட்களுக்கு முன் உங்கள் வாசகர் பகுதியில் ஒரு கடிதம் வந்திருந்தது. குடும்பத்தோடு கோடியக்கரைக்கு வந்து திரும்பிய ஒருவர் எழுதியிருந்தார். காட்டுக்குள் சாலை குறுகலாக இருக்கிறது, எதிரே வண்டி வந்தால் ஒதுங்கச் சிரமமாக இருக்கிறது, இரண்டு பக்கமும் மரங்களை எடுத்துவிட்டு அகலமாகப் போட்டால் சுற்றுலாவுக்கு நல்லது என்று கேட்டிருந்தார். அவர்மேல் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. ஒருநாள் வந்து போகிறவருக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் அதே சாலையில் முப்பத்து நான்கு வருடமாக வண்டி ஓட்டுகிறவன் நான். முதலில் அடுத்தவர் வண்டியில் மீன் ஏற்றினேன். இப்போது சொந்தமாக ஒரு மினி வேன் வைத்திருக்கிறேன். அந்தக் கடிதத்தைப் படித்த நாளிலிருந்து மனசு சரியில்லை. அதனால்தான் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகிவிட்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர், மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி என்று ஊர் ஊராகத் தாண்டி வருகிற மாநில நெடுஞ்சாலை, வேதாரண்யத்துக்கு அப்புறம் வேறு சாலையாகவே ஆகிவிடும். அங்கிருந்து கோடியக்கரைக்குச் சுமார் 11 கிலோமீட்டர்தான். அந்தப் பதினோரு கிலோமீட்டரில் வயல் முடிந்து உப்பளம் வரும், உப்பளம் முடிந்து காடு வரும், காடு முடிந்து கடல் வரும். அகஸ்தியம்பள்ளியில் உப்பு சத்தியாகிரக நினைவுத் தூண் நிற்கிறது. 1930 ஏப்ரல் 13-ம் தேதி திருச்சியில் கிளம்பிய ராஜாஜியும் தொண்டர்களும் நடந்தே வந்து ஏப்ரல் 30-ம் தேதி உப்பு அள்ளிய இடம் அது. இன்றைக்கும் அங்கே பாத்திகளில் உப்பு வாரி அம்பாரமாகக் குவித்து, மழைக்குக் கீற்று போட்டு மூடி வைக்கிறார்கள். அகஸ்தியம்பள்ளி வரைக்கும் ரயிலும் உண்டு. பல வருடம் நின்றுபோயிருந்தது, 2023 ஏப்ரலில் அகலப் பாதையில் திரும்ப வந்தது. அதைத் தாண்டி ஒரு நோயாளியோ ஒரு பெட்டி மீனோ ஒரு மூட்டை அரிசியோ எது போவதாக இருந்தாலும் இந்த ஒரே சாலைதான். கோடியக்காட்டில் இருக்கிற வனத்துறை கேட்டைத் தாண்டினால் காடு.

காடு என்றால் மலைக்காடு மாதிரி ஓங்கி வளர்ந்தது இல்லை. கடற்காற்றில் வளைந்து, குட்டையாக, நெருக்கமாக நிற்கும் உலர்காடு. பாலை மரம்தான் அதிகம். கோடையில் பாலைப்பழம் பழுத்து, வண்டியின் ஜன்னலைத் திறந்தால் இனிப்பு வாசனை வரும். நடுநடுவே புல்வெளி. அந்தப் புல்வெளியில்தான் வெளிமான். ஆண் மானான கலையின் முதுகு கறுப்பாக, கொம்பு திருகித் திருகி மேலே போயிருக்கும். பெண் மானான பிணை வெளிர்ப்பழுப்பாக இருக்கும். இவற்றுக்காகத்தான் 1967-ல் இதைச் சரணாலயமாக அறிவித்தார்கள். 2002-ல் உலக அளவில் முக்கியமான ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலில் சேர்த்தார்கள். தமிழ்நாட்டில் அந்தப் பட்டியலில் முதலில் இடம்பிடித்தது எங்கள் ஊர்தான் என்று பள்ளிப் பிள்ளைகள் இன்றும் மார்தட்டிச் சொல்வார்கள்.

இந்தச் சாலை முடிகிற இடத்தில் கடற்கரை முழங்கை மாதிரி மேற்கே மடங்குகிறது. ஒரு பக்கம் வங்கக் கடல், ஒரு பக்கம் பாக் நீரிணை. எதிரே இலங்கை. 1974-லும் 1976-லும் இரண்டு நாடும் போட்ட ஒப்பந்தங்களில் கடலில் ஒரு எல்லைக் கோடு விழுந்தது. கரையில் நின்று பார்த்தால் அந்தக் கோடு தெரியாது. ஆனால் எங்கள் ஊரில் எல்லாருடைய பிழைப்பும் அந்தக் கோட்டைச் சுற்றித்தான் ஓடுகிறது. நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் வீட்டு ரேடியோவில் இலங்கை வானொலிதான் பக்கத்து வீட்டில் பேசுவது போலத் தெளிவாகக் கேட்கும். 1983-ல் எனக்குப் பதினைந்து வயது. அந்த வருடம் ஜூலையில் இலங்கையில் நடந்த கலவரத்துக்குப் பிறகு, விடியும் நேரத்தில் இந்தச் சாலையில் நடந்து வந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இராத்திரி படகில் வந்து இறங்கி, நனைந்த துணியோடு, கையில் ஒரு பையும் இடுப்பில் ஒரு பிள்ளையுமாக நடந்தார்கள். ஒரு அம்மா என்னை நிறுத்தி, "தம்பி, இந்த ரோட்டு எங்க போகும்?" என்று கேட்டார். வேதாரண்யம் என்றேன். "அதுக்குப் பிறகு?" என்றார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை. எங்கள் அம்மா வீட்டிலிருந்து ஓடிவந்து அவரைத் திண்ணையில் உட்காரவைத்துக் கஞ்சி கொடுத்தார்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்கு இது பறவை பார்க்கப் போகிற சாலை. எங்களுக்கு அப்படி இல்லை. கடலுக்குப் போனவன் திரும்பி வருகிற வழி இது. நடுக்கடலில் கொள்ளையர்களிடம் மாட்டி, வலையையும் இன்ஜினையும் பறிகொடுத்து, வெட்டுக்காயத்தோடு கரைக்கு வந்த மீனவர்களை இந்தச் சாலையில்தான் நடுராத்திரியில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருக்கிறோம். என் வண்டியிலேயே இரண்டு முறை ஏற்றிப் போயிருக்கிறேன். எனக்கு இந்தச் சாலை நல்லபடியாக இருக்க வேண்டும் என்ற அக்கறை இல்லாமல் இல்லை. ஊரில் யாரைவிடவும் அதிகமாகவே இருக்கிறது. அகலப்படுத்த வேண்டாம் என்றுதான் சொல்கிறேன். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

இருபத்தெட்டு வருடத்துக்கு முன் நடந்தது. இதுவரை என் வீட்டுக்காரியைத் தவிர யாரிடமும் சொன்னதில்லை.

வாடை சீசன். ஐப்பசியிலிருந்து பங்குனி வரைக்கும் கோடியக்கரையில் வெளியூர் மீனவர்கள் வந்து வாடி போட்டுத் தங்கி மீன்பிடிப்பார்கள். காலா, வாவல், நண்டு, இறால் என்று பாடு நன்றாக இருந்தால் கரை முழுக்க ஏலம் நடக்கும். மீன் ஏறிய வண்டி விடிவதற்குள் சந்தைக்குப் போய்ச் சேர வேண்டும். அன்றைக்குப் பனி. நாலரை மணி இருக்கும். ஐஸ் உருகிக்கொண்டிருக்கிறது, முதலாளி கத்துவார் என்ற நினைப்பிலேயே ஓட்டினேன். வேகம் அறுபதுக்குக் குறையாமல் இருந்திருக்கும். சாலை ஓரத்தில் வெளிச்சத்தில் இரண்டு கண் மின்னியது. தாண்டிப் போய்விடும் என்று நினைத்தேன். அது தாண்டவில்லை. வெளிச்சம் கண்ணில் பட்டதும் அப்படியே நின்றுவிட்டது.

வண்டியை நிறுத்தி இறங்கினோம். பிணை மான். கூட வந்த கிளீனர் பையன் குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டு, "உயிர் இருக்குண்ணே" என்றான். விலா ஏறி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. பாட்டில் தண்ணீரை வாயில் ஊற்றினான். உள்ளே போகாமல் ஓரமாக வழிந்து தாரில் ஓடியது. அதன் காது மட்டும் சூடாக இருந்தது, உள்பக்கம் பிஞ்சு வெற்றிலை மாதிரி மெல்லிசாக. கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், நீளமான இமை முடி. அந்த இமையில் பனித்துளி நின்றிருந்தது. கொஞ்ச நேரத்தில் விலா நின்றுவிட்டது. இரண்டு பேரும் தூக்கினோம். ஒரு சிமென்ட் மூட்டையின் எடைகூட இல்லை. ஓரத்தில் கிடத்திவிட்டுக் கிளம்பினோம். கேட்டில் சொல்லவில்லை. பயம்.

வேதாரண்யம் போய்ச் சேர்ந்த பிறகு நடந்ததுதான் இன்றைக்கும் என்னை வதைக்கிறது. எங்களோடு சேர்ந்து போக வேண்டிய இன்னொரு வண்டி வரவில்லை. அதற்காக ஒரு டீக்கடை வாசலில் இருபது நிமிடத்துக்குமேல் நின்றேன். நின்று டீ குடித்தேன். அந்த இருபது நிமிடத்தில் ஒரு பத்து நிமிடத்தைக் காட்டுக்குள் செலவு செய்திருந்தால் அந்த மான் சாலையைத் தாண்டிப் போயிருக்கும்.

அதற்கப்புறம்தான் கணக்குப் போட ஆரம்பித்தேன். மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போனால் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம். 30-ல் போனால் இரண்டு நிமிடம். ஆக, காட்டுக்குள் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் நாம் மிச்சம் பிடிப்பது ஒரே ஒரு நிமிடம்தான். ஆனால் 60-ல் போகிற வண்டி ஒரு நொடியில் கிட்டத்தட்ட 17 மீட்டர் ஓடிவிடும். மானைப் பார்த்து, மூளைக்கு எட்டி, காலைப் பிரேக்குக்குக் கொண்டுபோகவே ஒரு நொடி ஆகிவிடுகிறது. பிரேக் பிடிக்க ஆரம்பிப்பதற்குள்ளேயே 17 மீட்டர் போயிற்று. 30-ல் போனால் அது 8 மீட்டர். ஹெட்லைட் வெளிச்சத்துக்குள் வண்டியை நிறுத்திவிடலாம். அன்றிலிருந்து இன்றுவரை காட்டுக்குள் 30-ஐத் தாண்டியதில்லை. அதனால் என் மீன் ஒருநாளும் கெட்டுப்போனதில்லை. நேரம் போவதெல்லாம் ஏலத்திலும் ஐஸ் அடிப்பதிலும் எடை போடுவதிலும்தான், காட்டில் இல்லை.

கடிதம் எழுதியவர் பகலில் வந்திருப்பார். பகலில் இந்தச் சாலை ஒரு மாதிரி, இரவில் வேறு மாதிரி. மழைக்காலத்தில் இன்னும் வேறு. ஐப்பசி, கார்த்திகையில் காட்டுக்குள் எங்கு பார்த்தாலும் தண்ணீர் நிற்கும். அப்போது மேடாகவும் காய்ந்தும் இருப்பது இந்தத் தார்ச்சாலை ஒன்றுதான். காட்டுக்குதிரைகள் கூட்டமாக வந்து சாலை நடுவிலேயே நின்று தூங்கும். குட்டிகள் தாயின் வயிற்றோடு ஒட்டிக்கொண்டு நிற்கும். ஹாரன் அடித்தாலும் நகராது. இரவில் தார் வெதுவெதுப்பாக இருப்பதால் பக்கிக் குருவி அதன்மேல் வந்து உட்காரும். ஒரு காய்ந்த இலை மாதிரித்தான் தெரியும். டயருக்குப் பக்கத்தில் வந்த பிறகுதான் பறக்கும், சில சமயம் பறக்காது. புள்ளிமான் சாயங்காலம் ஓரப்புல்லுக்கு வரும். நரி எப்போது குறுக்கே ஓடும் என்று சொல்லவே முடியாது. கோடையில் தண்ணீர்த் தொட்டிக்காக இந்தப் பக்கத்துக் கூட்டம் அந்தப் பக்கம் போகும். வருடத்தில் எந்த மாதத்தை எடுத்தாலும், ஏதாவது ஒரு ஜீவனுக்கு இந்தச் சாலையைக் கடக்க வேண்டிய அவசியம் இருக்கிறது.

மரங்கள் இடைஞ்சல் என்று எழுதியிருந்தார். சில இடங்களில் இரண்டு பக்கத்துக் கிளையும் சாலைக்கு மேலே கைகோத்துக்கொண்டு நிற்கும். குரங்குகள் அந்தக் கிளை வழியாகத்தான் மேலேயே கடக்கின்றன. மரத்தை எடுத்தால் அவை கீழே இறங்கித்தான் கடக்க வேண்டும். அதோடு, ஓட்டுகிறவனுக்குத் தெரிந்த விஷயம் ஒன்று சொல்கிறேன். பக்கத்தில் மரம் நெருக்கமாக இருந்தால் கால் தானாக ஆக்ஸிலேட்டரிலிருந்து எழும்பும். சாலை அகலமாக, நேராக, வெட்டவெளியாக இருந்தால் கால் தானாக அழுத்தும். நல்லவன் கெட்டவன் என்று இதில் வித்தியாசம் கிடையாது. அன்றைக்கு இருந்த குறுகலிலேயே நான் அறுபதில் போனேன். அகலமாக இருந்தால் எண்பதில் போயிருப்பேன்.

குரங்கைப் பற்றிச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து வண்டியிலிருந்து பிஸ்கட், சிப்ஸ், வாழைப்பழம் எதையும் வீசாதீர்கள். பிரியத்தில்தான் போடுகிறீர்கள், தெரியும். ஆனால் ஒரு வண்டியிலிருந்து பிஸ்கட் விழுந்தால், அடுத்த பத்து வண்டிக்கும் குரங்கு ஓடி வரும். அந்தப் பத்தில் ஒன்று நிற்காத வண்டியாக இருக்கும். காட்டில் பாலைப்பழமும் நாவல்பழமும் இருக்கும்போது, தாய்க்குரங்கு குட்டியை வயிற்றில் கட்டிக்கொண்டு தார் ஓரத்தில் கை நீட்டி உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவே கஷ்டமாக இருக்கிறது.

ஆடி அமாவாசை, தை அமாவாசையில் எங்கள் ஊர்க் கடலில், ஆதிசேது என்கிற தீர்த்தத்தில் நீராட வருகிற கூட்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. அந்த நாட்களில் பஸ்ஸும் வேனும் காரும் விடிய விடிய வரிசையாக நிற்கும். சாலை குறுகல் என்ற பேச்சு பெரும்பாலும் அந்த இரண்டு நாளை வைத்துத்தான் வருகிறது. இரண்டு நாளுக்காகக் காட்டை வெட்ட வேண்டியதில்லை. அந்த நாட்களில் கார்களைக் கோடியக்காட்டிலேயே நிறுத்திவிட்டு, அங்கிருந்து பஸ்ஸில் போகச் சொன்னால் தீர்ந்தது. வருகிறவர்களும் முன்னோருக்குக் கடன் கழிக்கத்தானே வருகிறார்கள், கொஞ்சம் சிரமத்தைப் பார்க்க மாட்டார்கள்.

கஜா புயலை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2018 நவம்பர் 16-ம் தேதி அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையைக் கடந்தது. விடிந்து பார்த்தால் சாலையைக் காணோம். மரத்துக்குமேல் மரம், அதற்குமேல் மின்கம்பம், கம்பி. ஊரில் ஒரு பெண்ணுக்கு நிறைமாதம். வலி வந்துவிட்டால் என்ன செய்வது என்று எல்லாருக்கும் நெஞ்சு அடித்துக்கொண்டது. யாரும் யாருக்கும் சொல்லவில்லை, கரையிலிருந்து எங்கள் ஆட்கள் கோடாரியும் அரிவாளும் எடுத்துக்கொண்டு வெட்டிக்கொண்டே வந்தார்கள். கோடியக்காட்டிலிருந்து இன்னொரு கூட்டம் மரம் அறுக்கும் மெஷினோடு வெட்டிக்கொண்டே வந்தது. மூன்றாம் நாள் நடுவில் சந்தித்தோம். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒரு பெரியவர், மச்சான் முறை, கை முழுக்கக் கொப்புளத்தோடு, "வண்டியை எடு மாப்ள" என்று மட்டும் சொன்னார். அந்தப் பெண்ணை அன்று சாயங்காலம் நான்தான் ஏற்றிக்கொண்டு போனேன். இப்போது அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகிறாள்.

அன்றைக்கு வெட்டிய இடத்தில் ஒரு காட்டுக்குதிரை, பாலை மரத்துக்கு அடியில் மாட்டிச் செத்துக் கிடந்தது. இரண்டு மூன்று நாளைக்கு அதன் கூட்டம் அந்த இடத்தைவிட்டுப் போகவில்லை. அந்தப் புயலில் விழுந்த மரங்கள் எல்லாம் நூறு வருடம், அதற்குமேல் நின்றவை. விழுந்த இடத்தில் சீமைக் கருவேலம்தான் முதலில் முளைக்கிறது. பாலை அவ்வளவு சீக்கிரம் வளர்கிற மரம் இல்லை. மிச்சம் நிற்பதையும் சாலைக்காக எடுத்தால் திரும்ப வைக்க நமக்கு ஆயுசு போதாது.

இதற்கு என்னதான் செய்யச் சொல்கிறாய் என்று நீங்கள் கேட்கலாம். நான் ஏற்கெனவே மனு எழுதிக்கொண்டு போனேன். ஒரு அலுவலகத்தில் இது எங்கள் பொறுப்பில் வராது என்றார்கள். அவர்கள் சொன்ன இன்னொரு அலுவலகத்துக்குப் போனால் அங்கேயும் அதே பதில். மூன்றாவது இடத்தில் மனுவை வாங்கி வைத்துக்கொண்டார்கள். அது ஒன்றரை வருடமாக அங்கேதான் இருக்கிறது. யாரையும் குறை சொல்ல இதை எழுதவில்லை. அந்த மனுவில் இருந்ததை உங்கள் பத்திரிகை வழியாகத் திரும்பச் சொல்கிறேன், அவ்வளவுதான்.

காட்டுக்குள் வேகம் 30 என்று இருக்க வேண்டும். போர்டு வைத்தால் மட்டும் போதாது. கேட்டில் வண்டி நுழைகிற நேரத்தை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்து, காட்டின் மறுமுனையில் வாங்கிப் பார்த்தால் போதும். கிலோமீட்டருக்கு இரண்டு நிமிடத்துக்குமுன் வந்து சேர்ந்த வண்டி வேகமாக வந்த வண்டி. கேமரா, கம்ப்யூட்டர் எதுவும் வேண்டாம், ஒரு கடிகாரம் போதும். பெரிய வேகத்தடை போட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முதுகு அடிபட்டவனையும் பிள்ளைத்தாய்ச்சியையும் ஏற்றிக்கொண்டு அதன்மேல் ஏறி இறங்கியவனுக்குத்தான் அது தெரியும். அதற்குப் பதிலாக, தடதடவென்று அதிர்கிற வெள்ளைக் கோடுகளை வரிசையாகப் போடலாம். மான்கள் அதிகம் தாண்டுகிற இடங்கள் எங்களுக்குத் தெரியும். கூட்டிக்கொண்டு போய்க் காட்டுகிறோம்.

ஒதுங்க இடமில்லை என்பது உண்மைதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அது தாரின் அகலத்தால் வந்தது இல்லை. மழையில் தார் ஓரத்து மண் அரித்துப்போய், ஒரு சாண் பள்ளமாகத் தொங்குகிறது. எதிரே லாரி வந்தால் டயரை இறக்கப் பயமாக இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை, மழை முடிந்ததும் அந்த ஓரத்தைக் கிராவல் போட்டுக் கெட்டியாக்கினாலே இரண்டு வண்டி தாராளமாக விலகும். ஏற்கெனவே வெட்டவெளியாக இருக்கிற இடங்களில் நாலைந்து ஒதுங்கிடம் அமைக்கலாம். ஒரு மரத்தைத் தொட வேண்டாம். சரணாலயத்துக்குள் சாலையை அகலப்படுத்த வேண்டுமானால் தேசிய வனவிலங்கு வாரியம் வரைக்கும் அனுமதிக்குப் போக வேண்டும். கிராவல் கொட்டுவது அதைவிட எவ்வளவோ சுலபமான வேலை.

இரவில் சாலையையே மூடிவிடலாம் என்று பறவை ஆர்வலர்கள் சிலர் சொல்கிறார்கள். அவர்கள் நல்ல எண்ணத்தில் சொல்கிறார்கள், நான் மதிக்கிறேன். கர்நாடகத்தில் பந்திப்பூர் காட்டுச் சாலையை 2009-லிருந்து இரவு ஒன்பது முதல் காலை ஆறு வரை மூடுகிறார்கள். சத்தியமங்கலம் பக்கம் திம்பம் மலைப்பாதையிலும் 2022 பிப்ரவரியிலிருந்து இரவுத் தடை இருக்கிறது. ஆனால் அங்கே சுற்றிப் போகிறவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. எங்களுக்கு மூன்று பக்கமும் தண்ணீரும் சேறும். கடல் நேரம் பார்த்துப் படகைக் கரைக்கு அனுப்புவதில்லை. இரவு இரண்டு மணிக்கு அடிபட்டு வந்தவனிடம் விடியட்டும் என்று சொல்ல முடியாது. அதனால் மூட வேண்டாம், மெதுவாகப் போகட்டும். சுற்றுலா வண்டிகளை மட்டும் இருட்டிய பிறகு காட்டுக்குள் விடாமல் இருந்தால் அதுவே பெரிய உதவி. இருட்டில் அவர்கள் பார்க்க எதுவும் இல்லை.

என்னைப் போன்ற மீன் வண்டிக்காரர்களிடம் நானே பேசிக்கொண்டிருக்கிறேன். இளைஞர்கள் சிலர் கேட்கிறார்கள். ஒரு தம்பி வண்டியின் முன்கண்ணாடியில் உள்பக்கமாக "30" என்று எழுதி ஒட்டியிருக்கிறான். கேட்காதவர்களும் உண்டு. முதலாளிகள் "சீக்கிரம் வா" என்று போன் மேல் போன் போடுவதை நிறுத்தினால் அவர்களும் கேட்பார்கள். எனக்கு அந்த வயதில் யாராவது சொல்லியிருந்தால் நானும் கேட்டிருப்பேனோ என்னவோ.

அப்புறம், அந்தக் கடிதம் எழுதியவருக்கு. ஐயா, நீங்கள் திரும்ப வாருங்கள். மார்கழி, தை மாதத்தில் வந்தால் பூநாரைகள் வந்திருக்கும். எங்கிருந்தெல்லாமோ பறந்து வந்த உள்ளான் கூட்டம் சேற்றில் ஓடிக்கொண்டிருக்கும். அவற்றின் காலில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தார் வளையம் மாட்டுவதைச் சின்ன வயதில் நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். கோடியக்காட்டு கேட்டுக்கு முன்னால் ஒரு டீ குடியுங்கள். உள்ளே நுழைந்ததும் ஜன்னலைத் திறந்துவிட்டு, பாட்டை நிறுத்திவிட்டு, முப்பதிலேயே வாருங்கள். பின்னால் மீன் வண்டி வந்தால் அது நானாகத்தான் இருக்கும். ஹாரன் அடிக்க மாட்டேன்.

மழை ஐப்பசியில் தொடங்கிவிடும். குதிரைகள் சாலைக்கு வந்துவிடும். அதற்குள் அந்த வெள்ளைக் கோடுகளையும் ஓரத்து கிராவலையும் போட்டுக் கொடுக்க வேண்டும் என்று சம்பந்தப்பட்டவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இடம் காட்ட ஆள் வேண்டுமென்றால், காலை ஏழு மணிக்குமேல் ஏலக் கூடத்துக்குப் பக்கத்தில் என் வண்டி நிற்கும்.

இப்படிக்கு,
மினி வேன் ஓட்டுநர் ஒருவர்,
கோடியக்கரை,
வேதாரண்யம் தாலுகா, நாகப்பட்டினம் மாவட்டம்.